திரும்பி வர வேண்டிய கார்கள்

மூன்று கார்கள், மூன்றும் கறுப்பு. முன்விளக்கு தெரியாது, முத்திரை தெரியாது. கூரை எங்கே வளைகிறது, பின்பக்கம் எங்கே முடிகிறது என்பது மட்டும் தெரியும். கிரான் டூரிஸ்மோ 7 விளையாட்டில் புதிய கார்கள் சேரப்போகிற சமயங்களில், அந்தத் தொடரை உருவாக்கிய கசுனோரி யமவுச்சி இப்படியொரு நிழற்படத்தைச் சில நாள் முன்னதாகவே வெளியிடுவார். உடனே உலகம் முழுக்க ரசிகர்கள் கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்கள். சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை அளப்பார்கள். பின்கண்ணாடியின் சாய்வை வைத்து, இது 1980-களின் வண்டி என்பார்கள். கூரையில் சின்னப் புடைப்பு ஒன்று தெரிந்தால் அதையும் விடமாட்டார்கள். பெரும்பாலும் சரியாகவே சொல்லிவிடுவார்கள்.

கணிப்பைக் காட்டிலும் அதற்கு முந்தைய பேச்சுதான் எனக்குப் பிடிக்கும். அடுத்து எந்தக் கார் வர வேண்டும் என்கிற பேச்சு. கார் பந்தய விளையாட்டு ஆடுகிறவர்கள் எல்லாரும் உலகிலேயே வேகமான வண்டியைத்தான் கேட்பார்கள் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிக் கேட்பவர்களும் உண்டு. ஆனால் வருடக்கணக்கில் விடாமல் கேட்கப்படும் பெயர்களைக் கவனித்துக்கொண்டே வந்தால், அவற்றில் பெரும்பகுதி பழைய கார்கள் என்பது புரியும். அதிலும், இதே தொடரின் முந்தைய பாகங்களில் இருந்துவிட்டுப் புதிய பாகத்தில் காணாமல் போனவை. 'இதைச் சேருங்கள்' என்பதைவிட 'அதைத் திரும்பக் கொண்டுவாருங்கள்' என்ற குரல்தான் எனக்கு எப்போதும் உரக்கக் கேட்டிருக்கிறது. நானும் அந்தக் குரலோடு சேர்ந்தவன்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிடுகிற கடைகள் எல்லா ஊரிலும் முளைத்தன. கும்பகோணத்தில் நாங்கள் போன கடையில் கிரான் டூரிஸ்மோ 2 இருந்தது. வெளியே தெருவில் மாருதி 800, அம்பாசிடர், பத்மினி, அப்போது புதுசான சான்ட்ரோ. உள்ளே திரையில் நிசான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா, ஹோண்டா என்எஸ்எக்ஸ், டிவிஆர். இந்தப் பெயர்களை நாங்கள் பத்திரிகையில்கூடப் படித்ததில்லை. அந்த வண்டி எவ்வளவு குதிரைத்திறன், எந்தச் சக்கரத்துக்குச் சக்தி போகிறது, எடை எவ்வளவு என்பதெல்லாம் அந்தக் கடையின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துதான் தெரிந்துகொண்டோம். ஜப்பானில் வளர்ந்த ஒருவருக்கு ஸ்கைலைன் என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வைத்திருந்த வண்டியாக இருக்கலாம். எங்களுக்கு அது அந்த விளையாட்டில் மட்டுமே வாழ்ந்த வண்டி. அங்கிருந்து அதை எடுத்துவிட்டால் எங்களைப் பொறுத்தவரை உலகத்திலிருந்தே எடுத்துவிட்ட மாதிரி. கேட்பதில் இத்தனை பிடிவாதம் இருப்பதற்குக் காரணம் அதுதான்.

காஸ்ட்ரோல் டாம்ஸ் சுப்ராவை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பில் பச்சையும் சிவப்பும் பட்டைகளாக ஓடும் 36-ஆம் எண் பந்தயக் கார். ஜப்பானின் ஜிடி பந்தயத் தொடரில் 1997-ல் பட்டம் வென்ற வண்டி. தொடரின் ஆரம்ப காலத்தில் அதை ஓட்டியவர்கள் ஒருவரும் அதை மறக்கவில்லை. 2022 மார்ச்சில் கிரான் டூரிஸ்மோ 7 வந்தபோது, எண்ணெய் நிறுவனத்தின் பெயரும் நிறமும் அப்படியே இருக்க, அது திரும்ப வந்திருந்தது. பந்தயக் கார் என்றால் தயாரித்த நிறுவனத்தின் அனுமதி மட்டும் போதாது. ஓட்டிய அணி, உடம்பில் பெயர் ஒட்டிய விளம்பரதாரர்கள் என்று பல கதவுகளைத் தட்ட வேண்டும். அத்தனையும் தட்டித்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்த 1997-ல் அதை ஓட்டிப் பட்டம் வென்ற இருவரில் ஒருவர் பெட்ரோ டி லா ரோசா. பிற்பாடு 2012-ல் எச்ஆர்டி ஃபார்முலா ஒன் அணியில் நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயனுக்குச் சக ஓட்டுநராக இருந்தவர் அவர். கும்பகோணத்துக் கடையில் அந்தச் சுப்ராவை ஓட்டிய நாட்களில் இது யாருக்குத் தெரியும்!

சுசுகி எஸ்குடோ பைக்ஸ் பீக் இன்னொன்று. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலையேற்றப் பந்தயத்துக்காகக் கட்டப்பட்ட, ஏறக்குறைய ஆயிரம் குதிரைத்திறன் கொண்ட, முன்னும் பின்னும் பெரிய பெரிய இறக்கைகள் வைத்த வண்டி. இரண்டாம் பாகத்தை ஆடியவர்களிடம் அதன் பெயரைச் சொன்னால் போதும், முகம் மலரும். எந்தப் பந்தயத்தையும் அதை வைத்து வென்றுவிடலாம். 2022 ஜூனில் அது ஏழாம் பாகத்துக்குள் வந்தபோது, பழைய ஆட்டக்காரர்கள் கொண்டாடியதைப் பார்க்க எனக்கு நிறைவாக இருந்தது. கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கிடைத்தது.

எல்லாமே கேட்டதும் கிடைத்துவிடுவதில்லை. அதற்குப் பெரிய உதாரணம் போர்ஷே. 2000-லிருந்து 2016 முடியும் வரை, பந்தய விளையாட்டுகளில் போர்ஷே காரைப் பயன்படுத்தும் தனி உரிமை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்திடம் இருந்தது. அந்த நிறுவனம் மனமிரங்கி உள்ளுரிமை கொடுத்தால்தான் மற்றவர்கள் தொட முடியும். கிரான் டூரிஸ்மோ இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. ஜெர்மனியின் ஃபாஃபென்ஹௌசனில் ரூஃப் என்ற சிறிய நிறுவனம் இருக்கிறது. போர்ஷேயின் வெற்றுக் கூடுகளை வாங்கித் தன் கைவண்ணத்தில் வேறு வண்டியாக்கும் நிறுவனம். 1981 முதல் ஜெர்மானிய அரசு இதைத் தனிக் கார் தயாரிப்பாளராகவே அங்கீகரித்திருக்கிறது. ஆகவே சட்டப்படி அது போர்ஷே அல்ல. அந்தச் சந்து வழியாக ரூஃப் வண்டிகள் விளையாட்டுக்குள் வந்தன. 'யெல்லோபேர்ட்' என்று செல்லப் பெயர் பெற்ற 1987-ஆம் ஆண்டு மஞ்சள் நிற சிடிஆரை ஓட்டப் பழகிய ஒரு தலைமுறையே உருவானது. மணிக்கு 339 கிலோமீட்டர் தொட்ட வண்டி அது. பின்சக்கரங்களில் மொத்தச் சக்தியையும் வைத்துக்கொண்டு, கொஞ்சம் அசந்தால் சுழற்றிவிடும்.

2017-ல் கிரான் டூரிஸ்மோ ஸ்போர்ட் வெளியானபோது போர்ஷே வந்தது. வருடக்கணக்கான வேண்டுதல் பலித்தது. ரூஃப் போனது. கொஞ்ச நாளிலேயே ரசிகர்கள் ரூஃப் வேண்டும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்! அசல் கையில் இருக்கும்போது எதற்கு மாற்று என்று கேட்பவர்களுக்கு இது புரியாது. பதினேழு பதினெட்டு வருடம் ஆட்டக்காரர்கள் ஓட்டியது ரூஃபைத்தான். அவர்கள் கை பழகிய ஸ்டீயரிங் அதுதான். அந்தக் கோரிக்கை நியாயமானது என்றே அன்றும் நினைத்தேன். 2024-ல் ஒரு ரூஃப் வண்டி ஏழாம் பாகத்தில் வந்து சேர்ந்தது.

ஏன் எல்லாவற்றையும் ஒரே அடியாகச் சேர்த்துவிடக் கூடாது? இந்தக் கேள்விக்கான பதில் உழைப்பில் இருக்கிறது. 1997 டிசம்பரில் முதல் பாகம் வந்தபோது ஒரு கார் என்பது சுமார் 300 பலகோணங்கள். ஒருவர் ஒரு நாளில் ஒரு காரைச் செய்துவிட முடிந்தது என்று யமவுச்சியே சொல்லியிருக்கிறார். பிளேஸ்டேஷன் 3 காலத்தில் அது ஐந்து லட்சம் பலகோணங்கள் அளவுக்குப் போய், மாதக்கணக்கில் வேலை வாங்கியது. இப்போது ஒரு காருக்கு ஒருவரின் உழைப்பு ஏறக்குறைய 270 நாள். நிஜக் காரைத் தேடிப் பிடிக்க வேண்டும். மாற்றம் ஏதும் செய்யப்படாத, பிறந்த கோலத்திலேயே இருக்கும் வண்டியாக அது இருக்க வேண்டும். லேசர் கொண்டு உடம்பை அளந்து, ஆயிரக்கணக்கில் படம் எடுத்து, எஞ்சின் ஓசையைப் பதிவு செய்து, பிறகு ஒருவர் கணினி முன் அமர்ந்து கதவுக் கைப்பிடியிலிருந்து இருக்கையின் தையல் வரை வரைய வேண்டும். இந்தக் கணக்கில் ஆயிரம் கார்களை ஒரே ஆள் செய்து முடிக்க எழுநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

ஆயிரம் கார் என்ற எண்ணுக்கு ஒரு கதை இருக்கிறது. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில் ஆயிரத்துக்கும் மேல் கார்கள் இருந்தன. அவற்றில் சுமார் 200 மட்டும் புதிதாகச் செதுக்கப்பட்டவை. மீதி 800-ம் பழைய பிளேஸ்டேஷன் 2 காலத்து உருவங்கள். வெளியானபோது அந்த எண்ணூறில் உள்ளே உட்கார்ந்து பார்க்கிற கோணமே கிடையாது. ஸ்கைலைனிலும் மஸ்டா ரோட்ஸ்டரிலும் சின்னச் சின்ன வித்தியாசத்தோடு ஒன்றையே பல தடவை எண்ணியிருந்தார்கள். ரசிகர்கள் கோபப்பட்டார்கள். 2017-ல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சுமார் 160 கார்களோடு ஸ்போர்ட் வந்தது. ஒவ்வொன்றும் புதிதாகச் செய்யப்பட்டது. அப்போதும் கோபப்பட்டார்கள், இத்தனை குறைவா என்று. இரண்டு கோபமும் எனக்குப் புரிகிறது. ஆனாலும் குறைந்த எண்ணிக்கையில் முழுமையாகச் செய்த வழிதான் சரி. 270 நாள் ஒருவர் ஒரு வண்டியோடு வாழ்ந்திருக்கிறார் என்பது அதற்குள் உட்கார்ந்ததும் தெரிகிறது. டேஷ்போர்டில் வெயில் விழும் விதத்திலேயே தெரிகிறது.

இடம் இவ்வளவு அரிது என்றால், அதை யாருக்குக் கொடுப்பது? இங்கேதான் எனக்கும் என் அக்கா மகனுக்கும் சண்டை வரும். ஒருமுறை புதுப்பிப்பில் டொயோட்டா ஆல்ஃபார்ட் வந்தது. நம் ஊரில் சினிமாக்காரர்கள் வந்து இறங்கும் வெல்ஃபயர் வண்டியின் இரட்டைப் பிறவி அது. சொகுசான இருக்கை வைத்த பெரிய வேன்.

"என்ன மாமா இது, வேன் ஓட்டவா இந்த கேமை வாங்கினோம்? ஒரு கோனிக்செக் குடுக்கலாம்ல?"

"அதை ஓட்டிப் பார்த்தியாடா?"

"அதுல ஓட்ட என்ன இருக்கு?"

அவனுடைய ஏமாற்றத்தில் நியாயம் இருக்கிறது. ஒரு வேனுக்குப் போன உழைப்பில் அவன் கனவு காணும் ஸ்வீடன் நாட்டு வண்டி ஒன்றைச் செய்திருக்கலாம். ஆனால் நான் ஆல்ஃபார்ட் பக்கம். டொயோட்டா ஹைமெடிக் ஆம்புலன்ஸைச் சேர்த்தபோதும், சுசுகி கேரி என்ற குட்டிச் சரக்கு வண்டியைச் சேர்த்தபோதும், 1985-ஆம் ஆண்டின் ஃபியட் பாண்டா 30-ஐச் சேர்த்தபோதும் அவற்றின் பக்கம்தான் நின்றேன். பாண்டாவில் இருப்பது 652 சிசி எஞ்சின், இரண்டே சிலிண்டர், முப்பது குதிரைத்திறன். அதை வைத்துக்கொண்டு ஒரு வளைவில் நுழையும்போது பிரேக்கைத் தொட்டால் போச்சு. இழந்த வேகத்தைத் திரும்பப் பெற அடுத்த வளைவு வரை ஆகும். அதனால் எங்கே பிரேக் போடாமல் இருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிப்போம். சாலையின் ஏற்ற இறக்கம் முழுவதும் காலுக்குத் தெரிய ஆரம்பிக்கும். ஆயிரம் குதிரைத்திறன் வண்டியில் தெரியாத மேடு பள்ளமெல்லாம் பாண்டாவில் தெரியும். வேகமான வண்டி நம் பிழைகளைச் சக்தியால் மூடிவிடுகிறது. மெதுவான வண்டிக்கு அந்த வசதி இல்லை. அதனால்தான் அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கிறது.

இந்தத் தொடரின் உயிரே அதில்தான் இருக்கிறது என்பேன். 2004 இறுதியில் வந்த நான்காம் பாகத்தில் 1886-ஆம் ஆண்டு டைம்லர் மோட்டார் வண்டி இருந்தது. குதிரையை அவிழ்த்துவிட்ட சாரட்டு மாதிரி இருக்கும். அதே பாகத்தில்தான் 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்க்ரிங் மலைப்பாதையும் முதன்முதலாக வந்தது. டைம்லரில் அந்தப் பாதையை ஒரு சுற்று வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். அந்த வண்டிக்கு ஒரு இருக்கை ஒதுக்கியவர்களுக்கு என்ன லாபம்? கார் என்பது எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கையாலேயே உணர வேண்டும் என்ற ஆசையைத் தவிர எனக்கு வேறொன்றும் தெரியவில்லை. 356 சிசி எஞ்சின் வைத்த சுபாரு 360-ம் இந்தத் தொடரில் ஓடியிருக்கிறது. ஜப்பானில் சாதாரணக் குடும்பங்கள் கார் வாங்கத் தொடங்கிய காலத்து வண்டி அது.

இப்படிச் சேர்ப்பதால் வெளி உலகிலும் விளைவுகள் உண்டு. முதல் பாகம் வந்த நேரத்தில் அமெரிக்காவில் ஸ்கைலைன் ஜிடி-ஆர் விற்பனையில் இல்லை, சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் இல்லை, மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன் இல்லை. விளையாட்டில் ஓட்டிப் பார்த்த இளைஞர்கள் ஷோரூமில் போய்க் கேட்டார்கள். 2002 மாடலாக டபிள்யூஆர்எக்ஸ் அங்கே போனது, 2003-ல் எவல்யூஷன் போனது, 2008-ல் நிசான் ஜிடி-ஆர் போனது. விளையாட்டு மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதன் பங்கைக் கார் உலகில் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். அந்த ஜிடி-ஆருக்குள் இருக்கும் தகவல் திரையை வடிவமைத்ததே கிரான் டூரிஸ்மோவைச் செய்கிற பாலிஃபோனி டிஜிட்டல் நிறுவனம்தான். யாரை ஓட்டவிடுகிறோமோ அவர் நாளை வாங்குபவர் என்று கார் நிறுவனங்கள் மெல்லப் புரிந்துகொண்டன.

எங்கள் பக்கமும் ஒரு வண்டி திரையிலிருந்து சாலைக்கு இறங்கியது. 1998-ல் சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைக் கட்ட ஆரம்பித்தார்கள். அந்தத் தலைமுறை லான்சரின் உடம்பிலிருந்து பிறந்தவைதான் எவல்யூஷன் 4, 5, 6. 1996 முதல் 1999 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டாமி மேக்கினன் உலக ராலி பட்டத்தை லான்சரில் வென்றார். கும்பகோணத்தில் ஒரு டாக்டர் வீட்டு வாசலில் வெள்ளை லான்சர் நிற்கும். அது எவல்யூஷன் இல்லை, டர்போ இல்லை, நான்கு சக்கரத்துக்கும் சக்தி போகாது. இருந்தாலும் கதவின் கோடும் கூரையின் வளைவும் அதே. கடையில் எவல்யூஷனை ஓட்டிவிட்டு வெளியே வரும்போது, நாங்கள் ஓட்டிய வண்டியின் அண்ணன் தம்பி ஒன்று எங்கள் ஊர்த் தெருவில் நிற்கிறது என்பதில் எங்களுக்கு எத்தனை பெருமை! டாக்டர் வெளியே வந்தால் அவரிடம் வண்டி எப்படிப் போகிறது என்று கேட்போம். அவரும் சலிக்காமல் சொல்வார். என்றாவது திருவள்ளூரில் கட்டிய அந்தச் சாதாரண லான்சர் விளையாட்டில் வந்தால், எவல்யூஷனை விட்டுவிட்டு அதைத்தான் முதலில் எடுப்பேன்.

ஆனால் ஒன்றே ஒன்று கேட்கலாம் என்றால் நான் கேட்பது மாருதி 800. 796 சிசி, மூன்று சிலிண்டர், நாற்பதைத் தொடாத குதிரைத்திறன், முதல் மாடலில் நான்கு கியர். அறிமுகமான 1983-லிருந்து நிறுத்தப்பட்ட 2014 வரை லட்சோபலட்சம் பேர் முதன்முதலாக ஸ்டீயரிங் பிடித்த வண்டி. பாண்டாவுக்கும் சுபாரு 360-க்கும் இருக்கை கொடுத்த விளையாட்டில் இதற்கு இல்லாமல் போகுமா? சுசுகி நிறுவனம் ஏற்கெனவே அந்தத் தொடரில் இருக்கிறது. பந்தயப் பரம்பரை இருக்கிறதா என்று கேட்டால், அதுவும் இருக்கிறது: கோயம்புத்தூரின் கரிவர்தன் 1980-களின் பிற்பகுதியில் இதே 800-இன் எஞ்சினை எடுத்து, ஒற்றை இருக்கை கொண்ட ஃபார்முலா மாருதி காரைக் கட்டினார். குறைந்த செலவில் இந்தியப் பிள்ளைகள் பந்தயம் பழக வேண்டும் என்பதற்காக. நரேன் கார்த்திகேயனும் ஆரம்பத்தில் ஓட்டியது அதைத்தான். சாலையில் ஓடிய 800, பக்கத்திலேயே ஃபார்முலா மாருதி, இரண்டையும் ஒரே புதுப்பிப்பில் கொண்டுவரலாம். ஓட்டிப் பார்க்க ஸ்ரீபெரும்புதூர் பந்தயப் பாதையையும் சேர்த்துக்கொடுத்தால் நான் வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

அளவெடுக்க வண்டி கிடைக்குமா என்ற சந்தேகமும் வேண்டாம். 1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் சாவி வழங்கப்பட்ட முதல் மாருதி 800-ஐ நிறுவனமே செப்பனிட்டு, பழைய உதிரிப் பாகங்களைத் தேடிப் பொருத்தி, தன் தலைமையகத்தில் நிறுத்தியிருக்கிறது. லேசரோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல வண்டி எங்கே கிடைக்கும்?

இதை அக்கா மகனிடம் சொன்னேன். கோனிக்செக் கனவை அவன் விடவில்லை, விடவும் வேண்டாம். ஆனால் மாருதி வந்தால் முதல் நாளே நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோவது என்று இருவரும் முடிவு செய்திருக்கிறோம். அங்கே கெசல்ஷென் என்றொரு நீண்ட ஏற்றம் இருக்கிறது, நல்ல வண்டிகளே மூச்சு வாங்கும் இடம். நாற்பதைத் தொடாத குதிரைத்திறனோடு அதை மூன்றாவது கியரில் ஏறிவிடலாம் என்கிறான் அவன். வேகத்தைக் கீழேயே சேர்த்துவைத்துக்கொண்டு வந்தால்தான் முடியும், இல்லாவிட்டால் பாதியில் இரண்டாவதுக்கு இறக்கியாக வேண்டும் என்கிறேன் நான்.